கழிப்பறைக் குழியும் கடலூர்ப் போரும்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். கடலூர் முதுநகரில் தபால்காரர் ஞானராஜ் வெட்டுவித்தது கிணறு அன்று, கழிப்பறைக் குழி. புறப்பட்டதும் பூதம் அன்று. தேங்காயளவில் ஓர் இரும்புக் குண்டு. பூதமே புறப்பட்டிருக்கலாகாதா என்று அவர் பின்னர்ப் பலமுறை ஏங்கியதுண்டு. பூதத்தைப் பார்க்க வருபவர்கள் ஓடிவிடுவார்கள். குண்டைப் பார்க்க வந்தவர்களோ நாற்காலி கேட்டார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அதற்குப் பன்னிரண்டாம் நாளாகிய ஞாயிறன்று கும்பகோணத்தில் அவருடைய ஒரே மகள் பெலிசியாவுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து தலைப்பிரசவம் பார்ப்பது முறை. ஆனால் பெலிசியா குந்தி அமரவே கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஞானராஜின் வீட்டிலோ, கொல்லையில் மூன்று படி ஏறிக் குந்த வேண்டிய பழைய கழிப்பறை ஒன்றுதான் உண்டு. செய்தி அறிந்த சம்பந்தியம்மாள் தொலைபேசியில் தெளிவாகவே தெரிவித்துவிட்டார்: "உக்கார்ற மாதிரி பாத்ரூம் கட்டி முடிச்சாத்தான் பொண்ண அனுப்புவேன். இல்லேன்னா பிரசவம் எங்க வீட்லயே நடக்கட்டும். எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியந்தான் ஞானராஜின் மனைவி ஆரோக்கிய ராணியின் நெஞ்சில் தைத்தது. "மொதப் பிரசவத்த மாமியா வூட்டுல பாத்தாளாமேன்னு நாளைக்குக் கோயில்ல நாலு பேரு கேட்டா, நான் மூஞ்சிய எங்கங்க கொண்டுபோய் வச்சிக்கிறது?" என்று அவள் கேட்டதற்கு ஞானராஜ் கூறிய விடையே அந்தக் கட்டடம். கொல்லையில் அறை எழும்பிவிட்டது. வெண்ணிறப் பீங்கானும் பதித்தாயிற்று. குழி ஒன்றே பாக்கி. அதில் இறக்க வேண்டிய சிமென்ட் உறைகள் நான்கும் வாசலில் காத்துக் கிடந்தன.

குழி தோண்ட வந்தவன் கம்மாபுரத்துப் பொன்னுரங்கம். நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் மண் வெட்டிப் பழகியவன். ஐந்தடி ஆழத்தில் அவனுடைய கடப்பாரை 'ணங்' என்றது. மறு கணம் அவன் குழிக்கு வெளியே நின்றான். எப்படி ஏறினான் என்பதை அவனே அறியான்.

"மாமா! பாம் மாமா! எல்லாரும் அந்தாண்ட போங்க!"

ஆரோக்கிய ராணி எட்டிப் பார்த்தாள். "பாமாவது கீமாவது. துரு புடிச்சிக் கெடக்குது. எடுத்து ஓரமா வை. கதவு காத்துல அடிக்காம முட்டுக் குடுக்க ஆவும். நீ தோண்டு."

அவள் சொற்படி கேட்டிருந்தால் இக்கதை இவ்விடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் ஞானராஜ் முப்பத்தைந்தாண்டுகளாகத் தபால்காரராக இருப்பவர். தமக்கு வராத எப்பொருளையும் ஓர் இரவு கூட வீட்டில் வைத்திருக்க அவர் மனம் ஒப்பாது. உரியவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பீரங்கிக் குண்டுக்கு உரியவர் யார்? கடலூரின் பழங்கதை அனைத்தையும் விரல்நுனியில் வைத்திருந்த ஸ்ரீதரைத் தவிர வேறு எவரும் அவர் நினைவுக்கு வரவில்லை.

ஸ்ரீதர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பூதக்கண்ணாடியோடு வந்து, குழியின் விளிம்பில் மண்டியிட்டு, வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"ஞானராஜ், இது எண்பத்து மூணு!"

"எண்பத்து மூணுல எனக்குக் கல்யாணமே ஆவல சார். அப்ப இந்த வூடே கெடயாது" என்றாள் ஆரோக்கிய ராணி.

"ஆயிரத்து எழுநூத்து எண்பத்து மூணும்மா! இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்த ஊர்ல மோதினாங்க. பிரெஞ்சுப் பீரங்கிதான் இத சுட்டிருக்கணும். இனிமே இங்க ஒரு பிடி மண்ணக்கூட அசைக்கக் கூடாது."

"குழி சார்?"

"இது குழி இல்லம்மா. சான்று."

ஆரோக்கிய ராணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது ஆண்டு இல்லறத்தில் அந்தப் பார்வையை அவர் இருமுறைதான் கண்டிருந்தார். இரண்டும் மறக்கக் கூடியவை அல்ல.

இங்கே ஒரு செய்தியை விளக்கியாக வேண்டும். அந்தப் போருக்குப் பொறுப்பு யார் என்னும் வினாவைப் பற்றி ஸ்ரீதர் பன்னிரண்டு ஆண்டுகளாக வேறொரு போர் நடத்தி வந்தார். எதிரி, அண்ணாமலை நகரில் வாழும் ராஜமாணிக்கம் என்னும் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஊரைக் கைப்பற்றி வம்பை இழுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களே என்பது ஸ்ரீதரின் கட்சி. அதற்குமுன் ஊரையே வளைத்துக்கொண்ட ஆங்கிலேயர்தாம் மூலகாரணம் என்பது ராஜமாணிக்கத்தின் கட்சி. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. போர் முழுவதும் கடிதத்திலேயே நடந்தது. அதுவும் ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலில். பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டபோது இருவருமே அதைத் தமக்கு எதிரான சூழ்ச்சி என்று கருதினர். முதுநகரில் இன்னும் கைப்படக் கடிதம் பெறும் ஒரே மனிதர் என்பதால் ஸ்ரீதர்மீது ஞானராஜுக்குத் தனி மரியாதை உண்டு.

"அந்த ஆளு நேர்ல வந்து பாக்கணும். பாத்துத் தலை குனியணும். அதுவரைக்கும் குழியத் தொடக் கூடாது" என்றார் ஸ்ரீதர்.

"போன் போட்டு வரச் சொல்லுங்க சார்."

"அவர் நம்பர் என்கிட்ட கெடயாது. கேக்கவும் மாட்டேன். லெட்டர் எழுதித் தர்றேன்."

ஞானராஜ் மனத்துள் கணக்கிட்டார். கடிதம் போய்ச் சேர, பதில் வர, ஆள் வர, வாரம் ஓடிவிடும். மறுநாள் காலை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கடிதத்தோடு அவரே சிதம்பரம் பேருந்தில் ஏறினார்.

பேராசிரியர் ஆறடி உயரமும் இடிக்குரலும் உடையவராக இருப்பார் என்று அவர் எண்ணியிருந்தார். அண்ணாமலை நகரில் கதவைத் திறந்தவர் ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட, மெலிந்த மனிதர். கையில் முறம், முறத்தில் பாதி உரித்த சின்ன வெங்காயம்.

"கடலூர் ஸ்ரீதர் சார் குடுத்தனுப்புனாருங்க."

உள்ளிருந்து அவர் மனைவி மங்கலத்தின் குரல் வந்தது. "யாரு, அந்தக் கடலூர்ச் சக்களத்தியா? ஞாயித்துக்கெழம ஆனா இவரு அந்த ஆளுக்குத்தான் உக்காந்து எழுதுவாரு. எனக்கு இந்த நாப்பது வருசத்துல ஒரு லெட்டர் உண்டா, கேளுங்க!"

பேராசிரியர் கடிதத்தைப் படித்தார். 'உமது பிரெஞ்சு நண்பர்களின் குற்றத்துக்கு மண்ணே சாட்சி சொல்லுகிறது. வந்து காண்க' என்றிருந்தது. முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். வெங்காயத்தை யார் உரிப்பது என்று மங்கலம் கேட்டது தெருமுனை வரையில் கேட்டது.

இரு பெரும் பகைவர்களும் அன்று நண்பகல் அக்குழியின் இருபுறமும் நின்று முதன்முறையாக ஒருவரையொருவர் நோக்கினர். எதிரி இவ்வளவுதானா என்னும் ஏமாற்றம் இருவர் முகத்திலும் தெரிந்தது. பிறகு கிழக்கே ஒரு நாற்காலியும் மேற்கே ஒரு நாற்காலியும் போடப்பட்டன.

"எண்பத்து ரெண்டுல ஊரப் புடிச்சது யாரு? பிரெஞ்சுக்காரன். புடிச்சத மீட்க வந்தவன் மேல என்னய்யா குத்தம்?" என்று தொடங்கினார் ஸ்ரீதர்.

"மீட்க வந்தானா? இது அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? கோட்டைய வாங்கும்போதே, பீரங்கியச் சுட்டு அது போய் விழற தூரம் வரைக்கும் நிலம் எங்களுதுன்னு எழுதி வாங்குன கூட்டம் அது! இன்னைக்கும் குண்டு சாலைன்னு பேரு இருக்கா இல்லையா?"

குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த பொன்னுரங்கம் கவலையோடு நிமிர்ந்தான். "மாமா, அப்ப குண்டு இங்க வுழுந்திருக்குதே. உங்க வூடு இப்ப யாருக்குச் சொந்தம்?"

"வாய மூடிக்கிட்டு உக்காருடா" என்றார் ஞானராஜ். ஆனாலும் பட்டா எங்கிருக்கிறது என்று உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

வழக்கு வியாழனும் தொடர்ந்தது. ஸ்ரீதர் மீன் இல்லாமல் சோறு உண்ண மாட்டார். ராஜமாணிக்கம் மீன் வெந்த வீட்டில் தண்ணீரும் பருக மாட்டார். எனவே ஆரோக்கிய ராணி வீட்டு அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பும், கொல்லையில் செங்கல் கூட்டிச் சங்கரா மீன் குழம்புமாக ஆக்கினாள். அண்டை வீட்டார் வந்து கேட்டுவிட்டுத் தத்தம் விருப்பப்படி கட்சி பிரிந்தனர். மாலையில் ஸ்ரீதர் பகைவரைத் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்று தங்கவைத்தார். வேறிடத்தில் தங்கவிட்டால் விடியும்வரை மறுத்துப் பேச ஆள் கிடைக்காதல்லவா?

"ஏங்க, அந்த யுத்தம் எத்தன நாளு நடந்துச்சாம்?" என்று கேட்டாள் ஆரோக்கிய ராணி, மீன் செதிலை வழித்துக்கொண்டே.

"மூணு வாரத்துக்குக் கொஞ்சம் கூடன்னாரு."

"இது அதுக்கு மேல போயிடும் போல இருக்குதே!"

வெள்ளியன்று ஐப்பசி மழை கொட்டியது. இரு அறிஞர்களும் தாம் நனைந்தபடி குழிக்குக் குடை பிடித்தனர். குடைக்கு அடங்கும் குழியா அது? தண்ணீர் நிரம்பிற்று. அன்று மாலை சம்பந்தியம்மாள் அழைத்தார். "எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார். "குழியில தண்ணி நிக்குது" என்றாள் ஆரோக்கிய ராணி, பொய் கலவாமல். "அப்ப முடிஞ்சிடுச்சின்னு சொல்லுங்க" என்று மகிழ்ந்து அவர் வைத்துவிட்டார். அந்த மகிழ்ச்சியை எண்ணி ஆரோக்கிய ராணி அன்றிரவு உறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பொன்னுரங்கம் வாளியால் நீரை இறைத்தான். பாதி இறைத்தபோது ஒரு பக்கத்து மண் சரிந்தது. அவன் ஓடவில்லை, கத்தவுமில்லை. குனிந்து, இரு கைகளாலும் எதையோ ஏந்தி நிமிர்ந்தான்.

ஒரு தாடை எலும்பு. அதில் ஏழு பற்கள்.

முதன்முறையாக இரு நாற்காலிகளிலும் பேச்சு நின்றது. ஆயினும் பழக்கம் பொல்லாதது. சற்று நேரத்தில் ஸ்ரீதர் மெதுவாகத் தொடங்கினார்: "இங்கிலீஷ் சிப்பாயா இருக்கணும்."

"பிரெஞ்சுப் படையாள். கெடக்குற எடத்தப் பாருங்க" என்றார் ராஜமாணிக்கம், அதைவிட மெதுவாக.

"ரெண்டு பேரும் இல்லீங்க. இவரு நம்மாளு" என்றான் பொன்னுரங்கம். "பல்லப் பாருங்க. வெத்தல பாக்குக் காவி. எங்க அப்பாவுக்கு இதே மாதிரிதான், இதே பக்கம்தான் அதக்குவாரு. வெள்ளக்காரனா வெத்தல போட்டான்?"

ஸ்ரீதர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்துவிட்டு ராஜமாணிக்கத்திடம் நீட்டினார். அவர் கொடுத்த முதற்பொருள் அது; இவர் வாங்கிய முதற்பொருளும் அதுவே.

"மூட்டை தூக்குனவனா இருக்கலாம். மாடு ஓட்டிக்கிட்டு வந்தவனா இருக்கலாம்" என்றார் ராஜமாணிக்கம். "என்கிட்ட இருக்கிற பட்டியல்ல அதிகாரிங்க பேர் இருக்கு. சிப்பாய்ங்க எண்ணிக்கை இருக்கு. இவங்க இல்ல."

"என்கிட்டயும் இல்ல" என்றார் ஸ்ரீதர்.

ஆரோக்கிய ராணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். "சரி, கடசில இந்தச் சண்ட எப்படித்தான் முடிஞ்சிது? யாரு செயிச்சா?"

இருவரும் தரையைப் பார்த்தனர். பேராசிரியர்தாம் சொன்னார். "யாரும் இல்லம்மா. சீமையில ஜனவரி மாசமே சமாதானக் கையெழுத்து ஆயிடுச்சி. இங்க சண்ட நடந்தது ஜூன் மாசம்."

"புரியலீங்க. சண்ட முடிஞ்சப்பறமா சண்ட போட்டாங்க?"

"செய்தி வந்து சேரல. கப்பல்ல வந்து சேர ஜூன் கடைசி ஆயிடுச்சி. வந்த ஒடனே நிறுத்திட்டாங்க."

"அப்ப இவரு?"

பொன்னுரங்கம் தாடையைத் தன் தலைத்துண்டின்மேல் வைத்தான். ஸ்ரீதர் பெருமூச்சு விட்டார். "ஐயா, ஒரு விதத்துல பாத்தா நாம ரெண்டு பேரும் சொன்னது தப்பு. இந்த உயிர்களுக்கெல்லாம் பொறுப்பு பிரெஞ்சுக்காரனும் இல்ல, இங்கிலீஷ்காரனும் இல்ல."

ராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. "நானும் அதத்தான் நெனச்சேன். தாமதமா வந்த தபால்! தபால்தான் குற்றவாளி!"

பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவர்கள் ஒரு கருத்தில் ஒன்றுபட்டனர். ஸ்ரீதர் குழியைத் தாண்டிக் கை நீட்டினார். ராஜமாணிக்கம் அதைப் பற்றினார். அப்பொழுதுதான், அதுகாறும் நான்கு நாட்களாக அவ்வழக்கில் வாய் திறவாதிருந்த ஞானராஜ், தம் வாயைத் திறந்தார்.

"கைய எடுங்க சார்!"

இருவரும் திடுக்கிட்டுக் கையை எடுத்தனர்.

"தபாலா? தபாலு பண்ண குத்தமா? அத்தன கடலத் தாண்டி, புயலு மழையில, கொண்டாந்து சேத்திருக்கான் அந்தப் புண்ணியவான். நடுவுல எறங்கி டீ குடிச்சிட்டா வந்தான்? சுட்டவன் ரெண்டு பேரு. செத்தவன் இவன். பழி தபால்காரன் மேலயா? தபாலு வராத நாள்லல்லாம் சுட்டுக்கலாம்னு எந்த ரூலு புக்குல சார் எழுதியிருக்கு? ஞாயித்துக்கெழம எங்களுக்கு டெலிவரி கெடயாது. அன்னைக்கு ஊர்ல எல்லாரும் வெட்டிக்கிட்டா சாவுறாங்க?"

"ஞானராஜ், நாங்க உங்கள..."

"இன்னும் கேளுங்க. பன்னெண்டு வருசமா உங்க சண்டைய நான்தான் தோள்ல சொமந்தேன். ஒரு நாளு லேட்டு உண்டா? கஜா அடிச்சப்போ உண்டா, கொரோனாவுல உண்டா? நான் பிரிச்சிப் பாத்ததில்ல சார். ஆனா வாங்குறப்ப உங்க மூஞ்சியப் பாத்திருக்கேன். ஒரு தபாலாவது சிரிச்சிக்கிட்டே பிரிச்சீங்களா? சமாதானம்னு ஒரு வரி நீங்க எழுதியிருந்தா, அத நான் ஜூன் மாசத்துக்கா கொண்டாந்து குடுத்திருப்பேன்?"

மூச்சு வாங்க அவர் குழியோரம் குவிந்திருந்த மண்மேல் அமர்ந்தார். ஆரோக்கிய ராணி கணவரை வியப்போடு பார்த்தாள். இந்த மனிதரிடம் இவ்வளவு சொற்கள் இருந்தன என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. பிறகு அறிஞர்களை நோக்கித் திரும்பினாள்.

"அந்தச் சண்டைக்கு யாரு பொறுப்புன்னு எனக்குத் தெரியாது. எங் குழிய நாலு நாளு நிறுத்துனது யாருன்னு தெரியும். எம் பொண்ணு அடுத்த ஞாயித்துக்கெழம வர்றா. வூட்டுல மம்மட்டி ரெண்டு இருக்குது."

ஞானராஜ் தகவல் கொடுக்க, கிராம நிர்வாக அலுவலர் இளவரசி திங்களன்று வந்தார். சட்டப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்தார். குண்டை எடுத்துக்கொண்டு இரசீது கொடுத்தார். காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்து, எலும்பு மிகப் பழையதென்று எழுதிச் சென்றனர். மேலிடத்து ஆட்கள் வரும்வரை அக்குழியைத் தொடலாகாது. தாடையை இருந்த இடத்திலேயே வைத்து மண் மூடுமாறு இளவரசி சொன்னார்.

அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. "பேரு?" என்றார் பழக்கத்தினால்.

"தெரியல" என்றார் ராஜமாணிக்கம்.

"ஊரு?"

"தெரியல" என்றார் ஸ்ரீதர்.

"விலாசம்?"

"அத நான் சொல்றேன்மா" என்றார் ஞானராஜ். "பழைய நம்பர் ஒம்போது, புது நம்பர் பதினாலு. எரநூத்து நாப்பது வருசமா அவரு இங்கதான் இருக்காரு. நாங்கதான் பொறவு வந்தோம்."

இளவரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார். பொன்னுரங்கம் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் வைத்து மண்ணைத் தள்ளினான். ஆரோக்கிய ராணி ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்பது தெரியாத நிலையில், இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

புதுக் குழிக்கு முன்வாசலைத் தவிர வேறிடமில்லை. பொன்னுரங்கம் கோடு கிழித்தான். எழுபதைத் தாண்டிய இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினர்.

"சார், மம்மட்டிய அப்படிப் புடிச்சா மண்ணு வராது, உங்க காலுதான் வரும். புரொபசர் ஐயா, நீங்க வெட்டுங்க, அவரு அள்ளட்டும். பேசாம வெட்டுங்க. மூச்சு பேச்சுல போயிட்டா மண்ணுக்கு எங்க போறது?"

அவர்கள் வெட்டியது மொத்தத்தில் ஒன்றரை அடி. எஞ்சியதைப் பொன்னுரங்கமே வெட்டினான். ஆனால் அந்த ஒன்றரை அடிக்கு இருவர் உள்ளங்கையிலும் கொப்புளம் கிடைத்தது. செவ்வாயன்று மங்கலமே சிதம்பரத்திலிருந்து வந்து, கணவர் மண் சுமப்பதைக் கண்டு மகிழ்ந்து, இரண்டு நாள் தங்கிப் போனாள். வெள்ளியன்று உறைகள் இறங்கின. கொல்லையிலிருந்து வாசல் வரை குழாய் பதிந்தது. சனியன்று மூடி போட்டார்கள்.

ஞாயிறு மாலை நாலரை மணிக்குக் கும்பகோணத்துக் கார் வந்து நின்றது. வளையல்கள் கலகலக்க இறங்கிய பெலிசியா, தாயை அணைக்கவில்லை, தந்தையைப் பார்க்கவில்லை. "அப்பறம் பேசுறேம்மா, எங்க இருக்கு?" என்று கேட்டு, காட்டிய திசையில் விரைந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பந்தியம்மாள் காரிலிருந்து இறங்கினார். ஆனால் பெண்ணின் பெட்டியை இறக்கச் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றார்.

வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். அறிஞர்கள் இருவரும் புதிய மூடியின் இருபுறமும் நின்றார்கள்.

"குழாய்க்குத் தண்ணி ஓடுற வாட்டம் போதாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று முணுமுணுத்தார் ராஜமாணிக்கம்.

"போதாம போச்சின்னா அதுக்கு யாரு பொறுப்பு? அளவு எடுத்தது நீங்கதானே?" என்றார் ஸ்ரீதர்.

"உஸ்!" என்றாள் ஆரோக்கிய ராணி.

உள்ளே தண்ணீர் பாயும் ஓசை கேட்டது. அது சுவரோரக் குழாயில் இறங்கி, சந்து முழுவதும் ஓடி, அவர்கள் காலடியில் 'சொள சொள' என்று விழுந்தது. பொன்னுரங்கம் மூடியின்மேல் காதை வைத்துப் படுத்துக் கேட்டுவிட்டு, "நிக்காம போவுதுக்கா!" என்று கூவினான்.

ஆரோக்கிய ராணி சிலுவை போட்டுக்கொண்டாள். சம்பந்தியம்மாள் மூடியை ஒருமுறை பார்த்தார். கொப்புளம் பழுத்த கைகளோடு நின்ற இரண்டு கிழவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"பொட்டிய எறக்குப்பா" என்றார்.